வேலிக்கு அப்பால் காய்க்கும் கொடி

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் ஆவடி, பட்டாபிராம், நெமிலிச்சேரி ஆகியவற்றைக் கடந்ததும் வருவது திருநின்றவூர். திருமாலோடு ஊடல் கொண்டு பிரிந்துவந்த திருமகள் இங்கே வந்து நின்றதால் ஊருக்கு இப்பெயர் வாய்த்தது என்று பக்தவத்சலப் பெருமாள் கோயிலின் தலவரலாறு கூறுகிறது. கதை எதுவாயினும், பெயர் நம்மைச் சற்றே சிந்திக்க வைக்கிறது. திரு என்றால் செல்வம். ஓர் ஊரில் செல்வம் நிற்கிறது என்று எப்போது சொல்லலாம்? பெட்டியில் பூட்டப்படும்போதா, அல்லது கைமாறிக் கைமாறி ஊரையே சுற்றிவரும்போதா?

இந்த வினாவைப் பெரிய பொருளியல் நூல்களில் தேட வேண்டியதில்லை. இவ்வூரின் எந்தத் தெருவிலும், வீட்டுக்குப் பின்னால் நான்கு முழம் மண் உள்ள எந்த மனையிலும் இதற்கு விடை தேடலாம். ஆவடியின் படைத்துறைத் தொழிற்சாலைகளிலும் அம்பத்தூரின் தொழிற்பேட்டையிலும் வேலை கிடைத்துப் பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், புறநகர் மின்தொடர் வண்டியை நம்பி இங்கே மனை வாங்கி வீடு கட்டினார்கள். கிணற்றடியில் ஒரு முருங்கை, குளியலறைத் தண்ணீர் வழியும் இடத்தில் இரண்டு வாழை, வேலியில் ஓர் அவரைக்கொடி, வாசலில் ஒரு கறிவேப்பிலைக் கன்று. விட்டுவந்த சிற்றூரை இவ்வளவு சிறிய அளவிலேனும் உடன் கொண்டுவந்தார்கள் போலும்.

அந்த வீடுகளில் ஒரு வழக்கத்தைக் காண்கிறோம். கடையில் ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கிவரும் எவரும் அதில் பாதியை அடுத்த வீட்டாருக்குக் கொடுப்பதில்லை. கொடுக்க வேண்டுமென்ற நினைவே எழுவதில்லை. அதே மனிதர், தம் செடியில் பத்துக் கத்தரிக்காய் காய்த்துவிட்டால் நான்கை எடுத்துக்கொண்டு மதிலருகே போய் நிற்கிறார். "நம்ம வீட்டுச் செடியில் காய்த்தது" என்று சொல்லும்போது அவர் முகத்தில் தோன்றும் மலர்ச்சி, சம்பள நாளில்கூடத் தோன்றுவதில்லை. காய் ஒன்றே, விலையும் அதிகமில்லை. ஆயினும் ஒன்றைக் கொடுக்க மனம் வருவதில்லை. மற்றொன்றைக் கொடுக்காமல் இருக்க மனம் வருவதில்லை. இவ்வேறுபாடு எங்கிருந்து வருகிறது? இந்தக் கொடுத்தலை அறம் என்று சொல்லலாமா?

மிஞ்சியதைக் கொடுப்பது ஈகையா?

முதலில் ஒரு தடையை எதிர்கொள்வோம். "தோட்டக்காரர் கொடுப்பது மிஞ்சியதைத்தானே? தாமே தின்று தீர்க்க முடியாததைப் பிறருக்குத் தள்ளிவிடுவதில் என்ன பெருமை?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரு சிறு காசுகளைப் போட்ட கைம்பெண்ணை ஆண்டவர் புகழ்ந்தது, அவர் தம் பற்றாக்குறையிலிருந்து கொடுத்தார் என்பதற்காக அன்றோ? மிகுதியிலிருந்து போட்டவர்களை அவர் அவ்வாறு புகழவில்லையே.

தடை நியாயமானதே. செடிகொடிகளின் இயல்பும் இதற்குத் துணைநிற்கிறது. ஆடியில் ஊன்றிய அவரை பனிக்காலத்தில் பூத்து, மார்கழியிலும் தையிலும் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். அதுவரை ஒன்றுமில்லை, அதன்பின் ஓய்வில்லை. வாழைத்தார் பழுக்கத் தொடங்கினால் சில நாள்களுக்குள் முழுத்தாரும் பழுத்துவிடும்; நான்கு பேர் கொண்ட குடும்பம் மூன்று வேளையும் உண்டாலும் தீராது. முருங்கையோ கோடையில் ஒரே வீச்சில் காய்த்து, வீட்டாரைச் சாம்பாரிலும் கூட்டிலும் பொரியலிலும் ஆழ்த்திவிடும். இயற்கை தன் கொடையை நம் வயிற்றின் அளவு பார்த்து அனுப்புவதில்லை.

ஆனால் மிஞ்சியதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதற்கு மனிதர் கண்ட வழிகள் பல. விற்கலாம்; சேமித்து வைக்கலாம்; அழுகவும் விடலாம். லூக்கா நற்செய்தியில் வரும் செல்வந்தனுக்கு நிலம் நன்றாய் விளைந்தது. அது அவன் குற்றமன்று. விளைந்ததை எங்கே வைப்பதென்று எண்ணியபோது, பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரியவை கட்டுவதைத் தவிர வேறெதுவும் அவனுக்குத் தோன்றவில்லை. வயிறு காய்ந்த அயலாரும் ஒரு களஞ்சியமே என்பது அவன் கணக்கில் வரவில்லை. அவனை ஆண்டவர் அறிவிலி என்றது இதனாலேயே. எனவே மிஞ்சியதைக் கொடுப்பது எளிது என்று சொல்வது பிழை. எளிதாயிருந்தால் உலகில் களஞ்சியங்கள் இவ்வளவு பெருத்திரா.

திருச்சபையின் மரபு இதில் இன்னும் ஓர் அடி முன்னே செல்கிறது. ஒருவரிடம் தேவைக்கு மிஞ்சியிருப்பது, இயற்கைச் சட்டத்தின்படி ஏழைகளின் வாழ்வுக்கு உரியது என்று புனித அக்குவினா தோமா கற்பித்தார். ஏழைக்குக் கொடுப்பவர் தம்முடையதைக் கொடுக்கவில்லை, அவருக்குரியதைத் திருப்பித் தருகிறார் என்ற புனித அம்புரோசியாரின் கருத்தைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1967-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் நமக்கு மீண்டும் நினைவூட்டினார். ஆக, மிஞ்சியதைக் கொடுப்பது ஈகைக்கும் முந்தியது, அது நீதி. கடனைத் தீர்ப்பவர் தம்மை வள்ளல் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. தோட்டக்காரரின் மகிழ்ச்சியில் நாம் காணும் அழகும் இதுவே: அவர் ஒரு கடனைத் தீர்க்கிறார், ஆனால் அது கடன் என்ற கசப்பே இல்லாமல் தீர்க்கிறார்.

பறித்தால் பூக்கும்

செடிகள் நமக்குக் கற்பிப்பது இன்னும் ஒன்றுண்டு. வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். இரண்டு நாள் மறந்தால் காய் முற்றி நாராகிவிடும். அதைவிட முக்கியமானது, காய் செடியிலேயே முற்றி விதையாகும்போது, தன் வேலை முடிந்ததென்பதுபோல் செடி பூப்பதைக் குறைத்துக்கொள்கிறது. அவரையும் பீர்க்கும் வெள்ளரியும் இப்படித்தான். பறிக்கப் பறிக்கவே அவை தொடர்ந்து பூக்கின்றன. பறிக்காமல் சேர்த்துவைக்கும் தோட்டம் அதிகக் காய் உள்ள தோட்டமாவதில்லை. விரைவில் ஓய்ந்துபோகும் தோட்டமாகிறது.

இதை அறநெறியின் சான்றாக நாம் காட்டவில்லை. செடிக்கு அறம் தெரியாது. தன் இனத்தைப் பெருக்கவே அது காய்க்கிறது. ஆயினும் கொடுப்பதால் குறையும், வைத்திருப்பதால் பெருகும் என்று சந்தை நமக்குப் புகட்டியிருக்கும் பாடம் எல்லா இடத்திலும் செல்லுபடியாகாது என்பதை, நாள்தோறும் கூடையோடு செடியருகே செல்பவர் கண்ணாரக் காண்கிறார்.

எவருக்குக் கொடுக்கிறோம்?

இரண்டாவது தடை இதனினும் கூரியது. தோட்டக்காரர் கொடுப்பது பெரும்பாலும் அடுத்த வீட்டாருக்கு. அடுத்த வீட்டாரும் சும்மா இருப்பதில்லை. காய் வந்த பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பக் கூடாதென்பது நம் வீடுகளின் எழுதப்படாத சட்டம். பூசணிக் கீற்றுப் போனால் கொழுக்கட்டை வரும். கீரைக்கட்டுப் போனால் மீன்குழம்பு வரும். விருந்து அளிக்கும்போது திரும்ப அழைக்கக்கூடிய நண்பரையும் செல்வரான அண்டை வீட்டாரையும் அழையாதீர், கைம்மாறு செய்ய இயலாதவரை அழையுங்கள் என்று நற்செய்தி சொல்லும்போது, நம் மதில்மேல் நடக்கும் பண்டமாற்றை எதில் சேர்ப்பது?

இந்தப் பரிமாற்றத்தை நாம் இழிவாக எண்ணவில்லை. திருநின்றவூர் போன்ற ஊர்களில் அண்டை வீட்டார் என்பவர் தலைமுறை தலைமுறையாய் அறிந்த உறவினர் அல்லர். ஒருவர் வேலூர்ப் பக்கம், மற்றொருவர் தென்கோடி; ஒருவர் கோயிலுக்குப் போகிறவர், மற்றொருவர் பள்ளிவாசலுக்கு, வேறொருவர் ஞாயிறு திருப்பலிக்கு. விடியற்காலை வண்டியேறி இரவு திரும்பும் இவர்களுக்கு ஒருவரையொருவர் அறிய நேரமுமில்லை, காரணமுமில்லை. வேலியைக் கடந்து அப்பக்கம் காய்த்த கொடி ஒன்றே அவர்களைப் பேச வைத்துவிடுகிறது. "உங்கள் பக்கம் காய்த்தது உங்களுக்கே" என்ற ஒரு சொல்லில் உறவு தொடங்கிவிடுகிறது.

ஆனால் அது அங்கேயே நின்றுவிடுமானால் குறைதான். இதே திருவள்ளூர் மாவட்டத்தில் செங்கல் சூளைகளிலும், கும்மிடிப்பூண்டியின் ஆலைகளிலும், எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிகளிலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள் உழைக்கிறார்கள். அவர்களுடைய தகரக் கொட்டகைக்கு அருகே வேலி இல்லை, கொடியும் இல்லை. பாத்திரத்தில் எதையேனும் வைத்துத் திருப்ப அவர்களால் இயலாது. நம் முருங்கைக்காய் மதிலைத் தாண்டுகிறது. தெருவைத் தாண்டுகிறதா என்பதே கேள்வி.

கொடுக்கும் முறை

தெருவைத் தாண்டும்போது மற்றோர் ஆபத்து காத்திருக்கிறது. கொடை கொடுப்பவரை உயர்த்தி, பெறுபவரைத் தாழ்த்திவிடக் கூடும். இதற்கு நம் மண்ணின் வரலாறே சாட்சி. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீரின் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களைக் கணக்கெடுத்தார். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி அந்த ஜாகீரைச் சேர்ந்ததே. களத்தில் நெல் குவிந்ததும், ஏரிப் பராமரிப்புக்கும் கோயிலுக்கும் தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், வெட்டியார் ஆகியோருக்கும் உரிய பங்கு ஒதுக்கப்பட்டதை அந்தக் காலத்து ஆவணங்கள் காட்டுகின்றன. விளைச்சல் விளைவித்தவருக்கு மட்டும் உரியதன்று என்ற உயர்ந்த எண்ணம் அதில் இருந்தது. ஆனால் அதே களத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்ற சாதிக்கோடும் இருந்தது. பங்கு தவறாமல் கிடைத்தது. மதிப்பு எல்லாருக்கும் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் விவிலியத்தின் பழைய சட்டம் ஒன்று வியப்பளிக்கிறது. லேவியர் நூலும் இணைச்சட்ட நூலும் அறுவடை செய்வோருக்கு இடும் கட்டளை இது: வயலின் ஓரங்களை முற்றிலும் அறுக்காதே; சிந்தியதைப் பொறுக்காதே; மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிச் செல்லாதே; அவை ஏழைக்கும் அந்நியருக்கும் அனாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியவை. இங்கே செல்வர் ஏழையின் கையில் எதையும் வைப்பதில்லை. விலகிக்கொள்கிறார், அவ்வளவே. ஏழை தாமே வந்து, தம் கையால், உரிமையோடு எடுத்துக்கொள்கிறார். மோவாபிலிருந்து வந்த அந்நியப் பெண் ரூத்து போவாசின் வயலில் கதிர் பொறுக்கியது இச்சட்டத்தின்படியே. போவாசு தம் வேலையாள்களிடம், கட்டுகளிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே நழுவவிடச் சொல்கிறார். அவளை அதட்டவும் கூடாதென்கிறார். கொடுப்பதைக் கொடுப்பதாகக் காட்டாமல் கொடுக்கும் நயம் இதுவன்றோ?

"இந்தாம்மா, எடுத்துக்கொண்டு போ" என்பதற்கும் "கீரை முற்றிப்போகிறதம்மா, வந்து பறித்துக்கொண்டு போங்களேன்" என்பதற்கும் உள்ள தொலைவு பெரியது. முந்தையதில் நம் கை மேலே இருக்கிறது. பிந்தையதில் வருபவர் நம் தோட்டத்துக்கு உதவுகிறார். பறித்தால் பூக்கும் என்பதால் அது வெறும் நயச்சொல்லும் அன்று, உண்மையே. வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கும், குப்பை அள்ள வரும் தம்பிக்கும், கட்டடக் காவலாளிக்கும் முற்றிய காயையும் வதங்கிய கீரையையும் தள்ளிவிட்டு, உறவினருக்குப் பிஞ்சாய்ப் பொறுக்கி வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டா என்று ஒவ்வொருவரும் தம் கூடையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மண் இல்லாதவர் என் செய்வார்?

மூன்றாவது தடை ஏழையின் வாயிலிருந்தே வரும். "மனை உள்ளவர் கொடுக்கலாம். ஓர் அறை வாடகை வீட்டில் இருப்பவர் எதைப் பயிரிட்டு எவருக்குக் கொடுப்பது?"

திருநின்றவூர் மண்ணில் பிறந்த கதை ஒன்று இதற்கு உதவுகிறது. பெரியபுராணம் போற்றும் பூசலார் இவ்வூரினர். இறைவனுக்குக் கற்கோயில் எழுப்ப விரும்பிப் பொருள் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. அதன்பின் நெஞ்சிலேயே அடிக்கல் நாட்டி, தூண் நிறுத்தி, கோயிலை முடித்தார். அதே நாளில் காஞ்சியில் தன் கற்றளிக்குக் குடமுழுக்குச் செய்யவிருந்த பல்லவ மன்னன், கனவில் இறைவன் சொற்படி அதனைத் தள்ளிவைத்தான். இருதயாலீசுவரர் கோயில் இன்றும் அந்நினைவைத் தாங்கி நிற்கிறது. இல்லாதவரின் விருப்பமும் இறைவன் திருமுன் எடையுள்ளதென்று நம் அயலாரின் இந்த மரபும் சொல்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூசலார் முதலில் பொருளைத் தேடினார். தேடிக் கிடைக்காதபோதே நெஞ்சுக்குத் திரும்பினார். தேடாமலே "மனத்தில் இருக்கிறது" என்பவருக்கு அக்கதையில் இடமில்லை.

தேடினால் சிறிதளவு மண் எங்கும் கிடைக்கும். 2013-ஆம் ஆண்டையொட்டித் தமிழக அரசே சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத்துக்கான பைகளும் விதைகளும் அடங்கிய தொகுப்பை மானிய விலையில் வழங்கத் தொடங்கியது. பழைய வாளியிலும் அரிசிச் சாக்கிலும் கீரை முளைக்கும். விதைத்த ஒரு மாதத்துக்குள் முளைக்கீரை பறிக்கலாம். அதுவும் இயலாதவர் ஒரு முருங்கைப் போத்தையோ, ஒரு பிடி விதையையோ கைமாற்றிவிடலாம். கொடைகளுள் விதை தனித்தன்மை உடையது. காயைக் கொடுத்தால் ஒருவேளை உணவு. நாட்டு விதையைக் கொடுத்தால் பெறுபவர் அடுத்த ஆண்டு தாமே கொடுப்பவராகிறார். கொடுப்பவர், பெறுபவர் என்ற பிரிவையே அழித்துவிடும் கொடை அது. வீரிய ஒட்டு விதைகளில் இது கூடுவதில்லை. அவற்றின் அடுத்த தலைமுறை தாய்ச்செடியின் குணத்தை அப்படியே காட்டாது. ஒவ்வோர் ஆண்டும் விலைகொடுத்தே வாங்க வேண்டும். இயற்கை வேளாண்மைக்காக வாழ்நாளெல்லாம் உழைத்து 2013-இல் மறைந்த நம்மாழ்வார் நாட்டு விதைகளை அவ்வளவு வற்புறுத்தியதில் இந்த அறமும் அடங்கியிருந்தது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நீர்நிலைகள் ஏறத்தாழ வறண்டன. பக்கத்துத் தெருவில் குடத்தோடு மக்கள் வரிசையில் நிற்கும்போது நாம் குழாய்நீரைச் செடிக்கு விடுவது கொடையாகாது. பாத்திரம் கழுவிய நீரும் அரிசி களைந்த நீரும் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் போதும். பகிர்தல் காயில் தொடங்குவதன்று, தண்ணீரில் தொடங்குவது.

பெற்றவரே கொடுப்பவர்

இனி முதல் வினாவுக்கு வருவோம். வாங்கிய காயைக் கொடுக்க வராத மனம், வளர்த்த காயைக் கொடுக்க வருவது ஏன்?

விலைகொடுத்து வாங்கிய பொருளில் கணக்கு முடிந்துவிடுகிறது. பணம் என்னுடையது, ஆகவே பொருளும் முழுதும் என்னுடையது. வளர்த்த காயில் அப்படிச் சொல்ல நாக்கு எழுவதில்லை. நாம் விதை ஊன்றினோம், நீர் விட்டோம், பூச்சி பார்த்தோம், உண்மைதான். ஆனால் முளைக்கச் செய்தது நாமல்லோம். நாம் உறங்கிய இரவில் அது வளர்ந்தது. மாற்கு நற்செய்தியில், விதைத்தவனுக்கே தெரியாமல் முளைத்து வளரும் விதையைப் பற்றி ஆண்டவர் சொன்னதும், நட்டது ஒருவர், நீர் பாய்ச்சியது ஒருவர், விளையச் செய்தவர் கடவுளே என்று பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியதும் தோட்டக்காரருக்கு விளக்கம் தேவைப்படாத வாசகங்கள். எங்கிருந்தோ வந்த தேனீ மகரந்தம் சேர்த்தது; எவரோ கொடுத்த போத்து மரமாயிற்று. கையில் காயோடு நிற்கும்போது, நாம் முதலில் பெற்றவர்கள், பிறகே உடையவர்கள் என்பது மண்வாசனையோடு தெரிகிறது. பெற்றதைக் கொடுப்பதில் வலி இல்லை. அதனால்தான் அந்த மலர்ச்சி.

புறநானூற்றுப் புலவர் பெருஞ்சித்திரனார் குமணனிடம் பெரும் பரிசில் பெற்று வீடு திரும்பினார். நெடுநாள் வறுமையுற்ற குடும்பம் அது. ஆயினும் அவர் தம் மனைவியிடம், இன்னார் என்று பாராமல், தம்மையும் கேட்காமல் எல்லாருக்கும் வழங்கிவிடச் சொன்னார். அவ்வளவு தாராளம் எப்படி வந்தது? அது அவர் பெற்றுவந்த செல்வம். பெற்றவர் என்ற நினைவு பசுமையாய் இருந்தவரை, உடையவர் என்ற இறுக்கம் அவர் நெஞ்சில் புகவில்லை.

இங்கேதான் தோட்டம் நம்மைக் கைப்பிடித்து ஒரு சங்கடமான இடத்துக்கு அழைத்துச் செல்கிறது. கத்தரிக்காயைப் பெற்றோம் என்று ஒப்புக்கொள்கிறோம். சம்பளத்தை? அதை நாம் ஈட்டினோம் என்கிறோம். ஆனால் நம்மை ஈன்றவர், எழுத்தறிவித்தவர், ஆரோக்கியம், நேரத்துக்கு வந்த வண்டி, வேலை காலியானபோது நம் பெயரைச் சொன்ன நண்பர் ஆகியோரும் ஆகியவையும் இல்லாமல் அந்தச் சம்பளம் முளைத்திருக்குமா? அதுவும் நாம் உறங்கியபோது வளர்ந்த பயிரே. நம் கைக்கும் அதற்கும் இடையே வங்கிக் கணக்கு வந்துவிட்டதால் மண்வாசனை மறைந்துபோயிற்று, அவ்வளவே. அவரைக்காயை மகிழ்ந்து கொடுக்கும் நாம், பணப்பையைத் திறக்கும்போது வேறு மனிதராகிவிடுகிறோமே, ஏன்? தோட்டத்தில் கற்ற பாடத்தை வாசற்படியோடு விட்டுவிடுகிறோமா? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட "லவுதாத்தோ சி" மடலில் உலகையே நமக்கு அளிக்கப்பட்ட பொது இல்லமாகக் காணச் சொன்னார். அந்த இல்லத்தின் பின்கட்டுத் தோட்டத்தில் வேலி மிகவும் தாழ்ந்தே இருக்க வேண்டும்.

2020-ஆம் ஆண்டு மே மாதம் தொற்றின் காரணமாகக் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, மொத்த வணிகம் இதே மாவட்டத்தின் திருமழிசைக்குத் தற்காலிகமாக மாற்றப்பட்டது. மாநகரம் முழுவதும் ஒரு கிலோ தக்காளி எங்கிருந்து வருகிறதென்பதை அன்றுதான் எண்ணிப் பார்த்தது. ஊரடங்கு நாள்களில் மாடிகளில் தொட்டிகள் பெருகின. அச்சம் நீங்கியபின் அவற்றுள் பல காய்ந்துபோயின. பஞ்சத்தின் பயத்தில் இட்ட தோட்டம் பயம் தீர்ந்ததும் தீர்ந்துவிடும். கொடுக்கும் மகிழ்ச்சியில் இட்ட தோட்டமே ஆண்டுதோறும் தழைக்கும். ஆடிப்பட்டம் தேடி விதை என்றனர் முன்னோர். விதைக்கும்போதே, வேலிக்கு அப்பால் படரும் கொடிக்கும் சேர்த்து ஒரு குழி தோண்டுவோம். திரு நிற்கும் ஊர் எதுவென்று அப்போது எவரும் நம்மைக் கேட்க வேண்டியிராது.